அதிரசத்தின் பக்குவம்

தீபாவளி நெருங்கும்போது மலேசியத் தமிழர் இல்லங்களில் பலகாரம் சுடும் மணம் வீசும். முறுக்கு, நெய்யுருண்டை ஆகியவற்றோடு அதிரசமும் தட்டில் இடம்பெறும். ஆனால், அதிரசத்தை வீட்டில் செய்யப் பலர் தயங்குகின்றனர். அதன் பக்குவம் அவ்வளவு நுட்பமானது.

முதலில் பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் உலர்த்துவர். ஈரம் முழுவதும் காய்வதற்கு முன்பே அரைத்துச் சலிப்பர். பிறகு வெல்லப்பாகு காய்ச்சுவர். பாகில் சில துளிகளைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பர். அது கரையாமல் மென்மையான உருண்டையாகத் திரண்டால் பதம் சரியாக உள்ளது என்று பொருள். பாகு இளகியிருந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், முற்றிவிட்டால் கடினமாகிவிடும். பதமான பாகில் அரிசி மாவையும் ஏலக்காய்ப் பொடியையும் கலந்து, ஓரிரு நாள் மூடி வைப்பர். மாவு பாகை உறிஞ்சி மிருதுவாகும். பின்னர், வட்டமாகத் தட்டி, மிதமான சூட்டில் பொரித்தெடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிடுவர்.

மலாய்க்காரர்களிடமும் இதை ஒத்த பலகாரம் உண்டு. அரிசி மாவையும் குலா மலாக்கா போன்ற வெல்லத்தையும் கொண்டு அவர்கள் செய்யும் அப்பலகாரத்தின் பெயர் ‘டெண்டெராம்’.

அதிரசத்தைக் கடையில் வாங்குவது எளிதுதான். எனினும், சமையல் குறிப்பில் அளவு மட்டுமே இருக்கும். பாகின் பதத்தைக் கண்ணாலும் விரலாலும்தான் அறிய வேண்டும். பாட்டியின் அருகில் நின்று பார்த்தவர்களே அதைக் கற்றனர். இவ்வாண்டு தீபாவளிக்கு நீங்களும் அடுப்படிக்குச் செல்லுங்கள். தண்ணீரில் விட்ட பாகை ஒருமுறை உருட்டிப் பாருங்கள்.