உப்புத் தண்ணீரில் பள்ளித் தோட்டம்

ஆடிப்பட்டம் நெருங்கிவிட்டது. பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களின் பள்ளிகளில் தோட்டம் போடுவது பற்றி வந்த வாசகர் கடிதங்களில் குழப்பம்தான் மிகுதி.

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டம் என்றால் என்ன?

பிள்ளைகள் பயிரிட்டு, விளைந்ததைச் சத்துணவில் சேர்ப்பது என்கிறது 2019 அக்டோபரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல். கணக்கு இடிக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி என்பது விதி. 60 பேர் என்றால் தினமும் 3 கிலோ. நாலு பாத்தி அதைத் தராது. பாடம் நடத்த உதவினாலே பெரிய காரியம்.

தண்ணீர் ஊற்றியும் செடி ஏன் கருகுகிறது?

ஊற்றும் தண்ணீர்தான் காரணம். அடிபம்பில் வருவது உவர்நீர் என்றால், வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வையுங்கள். தினம் 10 லிட்டர் ஊற்றினால் மாதத்தில் 600 கிராம் உப்பு அந்தப் பாத்தியில் சேரும். மண்ணில் உப்பு ஏற ஏற, வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். இலை நுனி முதலில் பழுப்பாகும். அக்கறையாகத் தண்ணீர் ஊற்றும் பிள்ளையின் செடிதான் முதலில் சாகும். சவ்வூடு பரவலை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் விளக்காது. ஆனால் அதிகாரிகளின் ஆய்வுக்கு முந்தைய நாள் நாற்று வாங்கி நட்டு, பட்டுப்போனதை மறைத்துவிட்டால் அந்தப் பாடமும் போய்விடும்.

ஆடியில்தான் விதைக்க வேண்டுமா?

இந்தக் கரையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அது உப்பைக் கழுவிய பிறகு விதைப்பதே நல்லது.

இடமே உவர் மண் என்றால்?

சாக்கில் செம்மண்ணும் எருவும் நிரப்புங்கள். சாக்கு, தொட்டிகளில் வளர்க்க வழிகாட்டுதலே இடம் தருகிறது.

நல்ல தண்ணீருக்கு?

100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர் கிடைக்கும்; பிடித்து வையுங்கள்.

யார் தண்ணீர் ஊற்றுவது?

முறை வைத்து வலை விடும் பாடு வழக்கம் உள்ள ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். பள்ளித் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால், பாத்தி வெட்டும் வேலையை மழை வரை தள்ளிப்போடுங்கள்.