தட்டினால் தாளம்!

என்ன குட்டீஸ், வகுப்பில் மேஜையைத் தட்டி டீச்சரிடம் திட்டு வாங்கியது உண்டா? அப்படியானால் ‘டிரம்ஸ்’ சிவமணியைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவமணி 1959-ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னைக்காரர். அவருடைய அப்பா ஆனந்தனும் டிரம்ஸ் கலைஞர்தான். ஏழு வயதிலேயே சிவமணியின் கைக்குக் குச்சி வந்துவிட்டது. பின்னாளில் நண்பர்களோடு சேர்ந்து ‘ரூட்ஸ்’ என்ற இசைக்குழுவில் வாசித்தார். அதே குழுவில் கீபோர்டு வாசித்த நண்பர் யார் தெரியுமா? நம்ம ஏ.ஆர்.ரகுமான்!

டிரம்ஸ் என்றால் சும்மா தட்டுவது என்று நினைக்காதீர்கள். வலது கால் மிதியை அழுத்தினால் பெரிய பேஸ் டிரம் ‘தும்’ என்று அதிரும். இடது கால், ஹை-ஹாட் எனப்படும் இரட்டைத் தட்டுகளை மூடித் திறக்கும். இரண்டு கைகளும் வேறு வேறு இடங்களில் தட்டும். நாலுக்கும் நாலு வேலை. ஆனால் தாளம் ஒன்றுதான்!

இதை எப்படிப் புரிந்துகொள்வது? தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள புதியம்புத்தூர், ரெடிமேட் துணிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவையோ அண்ணனையோ கவனியுங்கள். கால் மிதியை அழுத்தும். கை துணியை நகர்த்தும். கால் அவசரப்பட்டால் தையல் கோணிவிடும். டிரம்ஸிலும் இதே கதைதான். டிரம்மரின் கால் முந்தினால் பாடுபவர், கிடார் வாசிப்பவர் எல்லோரும் தடுமாறுவார்கள். அதிலும் ‘பங்க் ராக்’ போன்ற படுவேகமான இசையில் கேட்கவே வேண்டாம்!

சிவமணி மேடையில் டிரம்ஸோடு நிறுத்துவதில்லை. உடுக்கை வரும், சூட்கேஸ் வரும், தண்ணீர் கேன், பக்கெட்டும் வரும். எல்லாமே இசையாகிவிடும். 2014-இல் ‘அரிமா நம்பி’ படத்துக்கு இசையமைத்தார். 2019-இல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அப்போ, பக்கெட்டைத் தட்டினால் பத்மஸ்ரீயா? இல்லை குட்டீஸ்! தாளம் தவறினால் விலை உயர்ந்த டிரம்ஸும் வெறும் சத்தம்தான். தாளம் தவறாவிட்டால் பழைய பக்கெட்டும் வாத்தியம்தான்.

நீங்களும் முயன்று பாருங்கள். 1, 2, 3, 4 என்று திரும்பத் திரும்ப எண்ணுங்கள். எல்லா எண்ணுக்கும் வலது கையால் வலது தொடையில் தட்டுங்கள். 1, 3 வரும்போது வலது காலால் தரையைத் தட்டுங்கள். 2, 4 வரும்போது இடது கையால் இடது தொடையில் தட்டுங்கள். ராக் இசையின் ஆரம்பப் பாடமே இதுதான். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக. ஐந்து நிமிடம் தடுமாறாமல் தட்டினால், சபாஷ்!

ஆனால் வகுப்பு நேரத்தில் மட்டும் வேண்டாம், சரியா?