மானுக்கு வேண்டியது புதர்

அமெரிக்காவின் வயோமிங், நெவாடா, யூட்டா மாநிலங்களில் மழை குறைவு, குளிர் கடுமை. கண்ணுக்கெட்டிய தூரமும் சாம்பல் பூத்த சேஜ் புதர்கள்தான். இந்த மேய்ச்சல் நிலத்தில் பண்ணைக்காரர்களின் மாடுகளும் பெரிய காதுள்ள மியூல் மான்களும் சேர்ந்தே பிழைக்கின்றன. மாட்டுக்கு நல்ல நிலம் மானுக்கும் நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். மாடு புல் மேயும். இந்த மானோ நம்மூர் வெள்ளாடு மாதிரி, குழை கடிக்கிற சாதி. உடலளவுக்கு அதன் இரைப்பை சிறியது. நார் மிகுந்த காய்ந்த புல்லை வெகுநேரம் ஊறவைத்துச் செரிக்க அதில் இடம் போதாது. அதனால் கொழுந்து, மொட்டு, பூஞ்செடி, புதரின் நுனிக்குச்சி என்று பொறுக்கித்தான் தின்னும்.

பனிக்காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. அப்போது காய்ந்த புல்லில் புரதம் 3, 4 சதவீதம் தேறினால் அதிகம்; சேஜ் இலையில் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் சேஜ் இலையைக் கசக்கினால் கற்பூர வாடை வீசும். அந்த வாடையைத் தரும் எண்ணெய் அளவு மீறினால் வயிற்று நுண்ணுயிர்கள் சுணங்கிவிடும். எனவே பிட்டர்பிரஷ் போன்ற வேறு புதர்களும் கலந்து வளர வேண்டும். இரக்கப்பட்டு உலர்புல் கட்டுகளைப் போடுவது பல நேரம் கொலையில் முடிகிறது: குச்சிக்குப் பழகிய வயிறு அதைச் செரிக்காமல், இரைப்பை நிறைந்திருக்கவே மான் பட்டினியால் சாகும். நல்ல புதர்க்காடு கிடைத்தாலும் பனிக்காலம் முழுக்க மான் இளைக்கத்தான் செய்யும். கோடையில் சேர்த்த கொழுப்புதான் அதைக் கரையேற்றுகிறது.

அப்படியானால் மாடுகளை விரட்டிவிடலாமா? தேவையில்லை. வசந்தத்தில் புல் பச்சையாக இருக்கும்வரை மாடு புதரை அதிகம் சீண்டாது. அப்போது அளவாக மேயவிட்டால் புல் உறிஞ்சும் ஈரம் குறைந்து, மிச்சம் பிட்டர்பிரஷ்ஷுக்குப் போகும். கோடை முற்றிப் புல் காய்ந்ததும் மாடும் அதே புதரைக் கடிக்கத் தொடங்கும். அதற்குள் மந்தையை ஓட்டிப்போய்விட வேண்டும். எத்தனை மாடு என்று மட்டும் கேட்பவர்கள், எந்த மாதம் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி, 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த சீட்கிராஸ் என்னும் புல். முந்தி முளைத்து, கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து, புதர்களுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை நிரப்பித் தீயைக் கடத்திவிடும். எரிந்த சேஜ் வேரிலிருந்து துளிர்க்காது. விதை முளைத்துப் பழைய காடாகப் பல பத்தாண்டுகள் ஆகும். சீட்கிராஸுக்கோ ஒரு வருடம் போதும். வேறு சில இடங்களில் சிக்கல் தலைகீழ். தீயே வராமல் ஜூனிபர் மரங்கள் பெருகி, புதர்களுக்கு நீரும் வெயிலும் இல்லாமல் செய்துவிடுகின்றன. அங்கே மரத்தை வெட்டுகிறார்கள். பனிக்காற்றுக்கு மான் ஒதுங்க ஆங்காங்கே சில மரங்களை மட்டும் விட்டுவைப்பார்கள்.

இனி வேலி. வயோமிங்கின் ரெட் டெசர்ட்டில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஒரு மான் கூட்டம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து ஹோபேக் படுகைக்குப் போவது 2014இல்தான் பரவலாகத் தெரியவந்தது. வழிநெடுக முள்கம்பி. தாண்டும்போது மேலிரண்டு கம்பிகளுக்கிடையே பின்னங்கால் முறுக்கிக்கொண்டால் மான் தொங்கியே சாகும். மேல்கம்பி 42 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதற்கும் அடுத்த கம்பிக்கும் 12 அங்குல இடைவெளி வேண்டும். அடிக்கம்பி முள்ளில்லாமல் 16 அங்குல உயரத்தில் இருந்தால் குட்டி குனிந்து நுழைந்துவிடும். மாடு இல்லாத மாதங்களில் வேலியையே தரையில் படுக்கவைக்கும் அமைப்பும் உண்டு. பனியின் பாரத்தில் கம்பி அறுவது குறைவதால் அதில் பண்ணைக்காரருக்கும் லாபம்தான்.