கம்பியைக் காக்கும் எம்சிபி, ஆளைக் காக்காது

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ நகரைக் கட்டும் பணி 1973-இல் தொடங்கியது. வீடுகளில் பெரும்பாலானவை 1980 வாக்கில் எழும்பிவிட்டன. புது வீடுகளில், மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் என்ற விதி வந்தது 1985 ஜூலையில்தான். அதனால்தான் இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் டிபி பாக்ஸை, அதாவது மின்பகிர்வுப் பெட்டியை, திறந்து பார்க்கச் சொல்கிறேன்.

உள்ளே வரிசையாக நிற்கும் சிறு சுவிட்சுகள் எம்சிபி. ஒவ்வொன்றிலும் இரண்டு காவல்கள். ஒன்று, சூடேறினால் வளையும் ஈருலோகத் தகடு. 16 ஆம்பியர் எம்சிபி வழியே 23 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் தகடு வளைந்து சுவிட்சைக் கீழே தள்ளிவிடும். மற்றொன்று காந்தச் சுருள். ஷார்ட் சர்க்யூட் என்றால் கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துவிடும்.

இரண்டுமே சுவருக்குள் இருக்கும் கம்பி எரியாமல் பார்த்துக்கொள்வதற்கு. மனித உடலின் மின்தடையைத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் தொட்டவர் உடலில் ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. உயிர் போக அது தாராளம். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு மின்விசிறி ஓடுவது போலத்தான், அசையாது. ஆர்சிசிபியோ போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்.

2023 ஜூலை 1 முதல் பழைய வீடுகளுக்கும் ஆர்சிசிபி சட்டப்படி கட்டாயம். இரண்டாண்டு அவகாசம் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. பொருத்தாத உரிமையாளருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அவகாச காலத்தில் குடிமக்களின் செலவில் பெரும்பகுதியை ஏற்கும் உதவித் திட்டத்தையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நடத்தியது.

உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று அறிய, ‘T’ எழுதிய பொத்தானைத் தேடுங்கள். மாதம் ஒருமுறை அழுத்துங்கள்; சுவிட்ச் விழாவிட்டால் மாற்ற வேண்டும். பொத்தானே இல்லையென்றால் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். தெரிந்த பையன் மலிவாகச் செய்வான் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

எம்சிபி அடிக்கடி விழுகிறதா? எல்லாப் பிளக்கையும் கழற்றி, சுவிட்சை மேலே தூக்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில் கோளாறு இருக்கலாம், அல்லது மொத்தச் சுமை கூடியிருக்கலாம். எதையும் மாட்டாமலே விழுந்தால் கோளாறு வயரிங்கில், மறுபடி தூக்காதீர்கள். தொல்லை விட்டது என்று 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டுவது மகா முட்டாள்தனம். கம்பி பழையதுதானே, சுமை கூடினால் அதுதான் எரியும்.

வாடகைக்கு இருப்பவர்களே, ஆர்சிசிபி பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமை. உங்கள் கைக்காசைப் போடாதீர்கள். டிபி பாக்ஸைப் படம் எடுத்து, எழுத்தில் அவருக்கு அனுப்புங்கள். தட்டிக் கழித்தால் ஆணையத்திடம் தெரிவியுங்கள்.