அளவுகோல் பதித்த ஆலயச் சுவர்
வியன்னா புனித ஸ்தேவான் பேராலயம்

1147இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்திலிருந்து வளர்ந்த இப்பேராலயம், குருமாருக்கு மட்டுமன்றி வணிக நகருக்கும் சொந்தமாக விளங்கியது. 13ஆம் நூற்றாண்டு முதன்மை வாயிலின் இடப்புறச் சுவரில் நீளம் வேறுபட்ட இரண்டு உலோக முழக்கோல்களைப் பாருங்கள். கம்பளித் துணிக்கு ஒன்று, லினனுக்கு மற்றொன்று. வாங்கிய துணியின் அளவை அன்று இவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிந்தது. 1433இல் நிறைவுற்ற 136 மீட்டர் தெற்குக் கோபுரத்திலிருந்து காவலர்கள் நகரில் தீ மூள்கிறதா எனப் பல நூற்றாண்டுகள் கண்காணித்தார்கள்.

இவை வழிபாட்டிடத்தில் ஒட்டிக்கொண்ட வசதிகள்தானே எனலாம். வசதி மட்டுமே நோக்கமென்றால் கோல்களுக்குச் சந்தைச் சுவரே போதும். எல்லோரும் வணங்கி நுழையும் வாயிலருகே அவற்றைப் பதித்தது, வணிக நேர்மையையும் அறமாகவே நகரம் மதித்ததைக் காட்டுகிறது. 1945இல் கூரை எரிந்தபின் ஆஸ்திரியாவின் எல்லா மாநிலங்களும் சேர்ந்து பேராலயத்தை மீட்டெடுத்தது, இது எல்லோருக்கும் சொந்தம் என்ற உரிமையுணர்வின் தொடர்ச்சியே.