பிரெஞ்சுச் சீட்டு மேசை

மேசை என்றவுடன் மாணாக்கராகிய நமக்கு நினைவில் எழுவது மைக்கறை படிந்த எழுது பலகையே. உண்ணவும் எழுதவும் உதவுவதே மேசையென்று பழகிய நாம், சீட்டாடுதற்கென்றே ஒரு மேசை செய்து, அதன்மேற் பித்தளையும் ஆமையோடும் இழைத்து, பொன்முலாம் பூசிய வெண்கல அணிகளையும் பூட்டினார்கள் என்று கேட்பின் வியப்படைவோம். பிரான்சு தேசத்தில் அத்தகைய மேசைகள் பல செய்யப்பட்டன. அவற்றின் அமைப்பையும், அவ்வழகு பிறந்த வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பதினான்காம் லூயி மன்னன் 1682-ஆம் ஆண்டில் தன் அரசவையை வெர்சேல்ஸ் அரண்மனைக்கு மாற்றினான். அங்கே மாலைப்பொழுதுகளிற் சீட்டாட்டம் பிரபுக்களின் பெரும் பொழுதுபோக்காயிற்று. மூவர் ஆடுதற்கு முக்கோண மேசையும், நால்வர் ஆடுதற்குச் சதுர மேசையும் என ஆட்டத்திற்கேற்ப மேசைகள் எழுந்தன. இவ்வாட்டங்களிற் பெரும்பொருள் இழந்தோர் பலர். சூதின் கேட்டை உரைத்தற்குத் திருவள்ளுவர் ஒரு தனியதிகாரமே வகுத்ததன் காரணம், அவ்வரண்மனையின் வரலாற்றைப் படிப்போர்க்கும் எளிதில் விளங்கும்.

அம்மன்னனுக்குத் தச்சுவினை புரிந்தோருள் தலைசிறந்தவர் ஆந்திரே ஷார்ல் பூல் என்பவர். 1642-இற் பிறந்த இவருக்கு 1672-இல் லூவர் அரண்மனையிலேயே உறைவிடமும் தொழிற்கூடமும் அளிக்கப்பட்டன. பித்தளையையும் ஆமையோட்டையும் இணைத்திழைக்கும் வேலையை இவரே முதற்கண் கண்டாரல்லர். எனினும் அதனை முதிர்ச்சியுறச் செய்தமையால் அவ்வேலை இவர் பெயராலேயே வழங்குவதாயிற்று. 1720-இல் இவருடைய தொழிற்கூடத்தில் நேர்ந்த தீயினால், அரிதின் ஈட்டிய சித்திரங்கள் பல சாம்பராயின. இவர் 1732-இல் மறைந்தார்.

இழைப்பு வேலையின் முறை வருமாறு: பித்தளைத் தகடொன்றையும் ஆமையோட்டுத் தகடொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவர். மேலே, வரைந்த கோலத்தைப் பதித்து, மயிரிழை போன்ற மெல்லிய வாளினால் அக்கோடுகளின் வழியே இரண்டையும் ஒருசேர அறுப்பர். பின்னர்த் தகடுகளைப் பிரித்து, பித்தளைக் கொடியை ஆமையோட்டிலும், ஆமையோட்டுக் கொடியைப் பித்தளையிலும் பொருத்துவர். ஓரறுப்பில் ஈரணிகள் கிடைக்கும். ஒன்றில் நிலமாய் நின்றது மற்றொன்றிற் கோலமாய் நிற்கும். ஒன்றிற் கழிந்த துண்டே மற்றொன்றிற்கு அணியாதலின், இம்முறையில் வீணாவது மிகச் சிறிதே. ஆமையோட்டின் அடியிற் செந்நிறம் தீட்டினால், அது மேலே ஊடுருவி ஒளிரும்.

இவ்வேலைப்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் தழைத்தது. 1852 முதல் 1870 வரை பேரரசனாக ஆண்ட மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சீட்டு மேசைகள் பல இவ்வகையின. மூடியிருக்குங்கால் அம்மேசை சுவரோரம் நிற்கும் நீள்சதுரப் பலகையாகத் தோன்றும். மேற்பலகை புத்தகம் போல் இரண்டு மடிப்புடையது. அதனைத் தாங்கும் முளை நடுவில் அமையாது, நடுவினின்று சற்றே விலகி நிற்கும். பலகையைக் கால்வட்டம் திருப்பி விரித்தால், இரண்டு மடிப்புகளும் கீழ்ச்சட்டத்தின்மேற் சமமாய் அமரும். தனிக்கால் ஒன்றும் வேண்டுவதில்லை. உள்ளே மெல்லிய கம்பளித்துணி ஒட்டிய ஆடுகளம் விரியும். இழைப்பின் அழகு அப்பொழுது கீழே மறைந்துவிடும். ஆடுவோர் கண்ணுக்கன்று, அறைக்குள் வருவோர் கண்ணுக்கே அவ்வழகு ஆக்கப்பட்டது போலும்!

இனி, விளிம்பிலும் காலிலும் மின்னும் வெண்கல அணிகளைக் கருதுவாம். பழைய முறையிற் பொன்னைப் பாதரசத்திற் கரைத்துப் பிசைந்து, வெண்கலத்தின்மேற் பூசி, நெருப்பிற் காய்ச்சுவர். பாதரசம் ஆவியாய் ஓடப் பொன் நிலைத்து நிற்கும். அவ்வாவியோ கொடிய நஞ்சு. அதனை நாடோறும் சுவாசித்த தொழிலாளர் கைந்நடுக்கமுற்றனர். இளமையிலேயே மாண்டாரும் பலர். பாரிஸ் நகரத்து வெண்கல வினைஞராகிய ராவ்ரியோ என்பவர், தம் தொழிலாளர் துயரைக் கண்டு நெஞ்சிளகி, அவர்களைக் காக்கும் வழி காண்போர்க்கு 3,000 பிராங்கு பரிசளிக்குமாறு எழுதிவைத்து 1814-இல் இறந்தார். நச்சாவியைப் புகைபோக்கி வழியே ஈர்த்துச் செல்லும் உலையை அமைத்துக் காட்டிய தார்சே என்னும் இரசாயன அறிஞர் 1818-இல் அப்பரிசைப் பெற்றார். 1840-ஆம் ஆண்டையொட்டி மின்சாரத்தாற் பொன்முலாம் பூசும் முறை வந்த பின்னர், பழைய முறை படிப்படியாக அருகிற்று.

ஆமையோடும் விலையின்றி வந்ததன்று. அது பருந்தின் மூக்குப் போன்ற வாயுடைய ஒருவகைக் கடலாமையின் ஓடு. அவ்வினம் அருகிவிட்டமையால், 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் அதன் வாணிகம் தடுக்கப்பட்டுள்ளது.

இத்தகைய மேசையைப் பேணுதலும் எளிதன்று. ஈரத்தால் மரம் விரியும்; வறட்சியாற் சுருங்கும். பித்தளையோ அதனோடு இசைந்து நடவாது. ஆகவே பசை விட்டுத் தகடு மேலெழும். எழுந்த தகடு துடைக்கும் துணியிற் சிக்கி முறிதலும் உண்டு. ஆதலின் மிகுந்த வெயிலும் ஈரமும் படாத இடத்திலேயே இதனை வைப்பர்.

இம்மேசையிற் சீட்டாடிய பிரபுக்களுட் பலர் பெயர் நூல்களில் உள்ளது. வாளினால் அறுத்தவன் பெயரும், உலையருகே நின்று நடுங்கிய கையின் பெயரும் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆயினும் ஆடினோர் வென்றதும் தோற்றதும் அன்றிரவோடு கழிந்தன. வினைஞர் கை இழைத்த கொடியும் மலரும் இன்றும் வாடாது நிற்கின்றன. அழகிய பொருளைக் காணுங்கால் அதன் அழகை மட்டும் வியந்தொழியாது, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்றும் வினவப் பழகுவோமாயின், ராவ்ரியோவின் நெஞ்சம் நமக்கும் ஒரு சிறிது வாய்த்ததாகும்.