உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்!

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்து வீடு ஒன்றில் பெண்ணுக்கு வரன் கூடிவிட்டது! மாப்பிள்ளை வீட்டார் போனில் 'சரி' சொல்லி அரை மணி நேரம்தான் ஆகிறது. வாழைமரமும் பன்னீர்ச்சொம்புமாகக் கல்யாண வீட்டின் முகப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இன்று நாம் பார்க்கப்போவது பின்கட்டு.

கூடத்தில் அம்மா பீரோவைக் குடைகிறாள். எதற்கு? பழைய மொய் நோட்டுக்கு! இந்த வீட்டுச் சொந்தபந்தங்களின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. ஊர், பெயர், எழுதிய தொகை எல்லாம் வரிசையாக. இதில் ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

பட்டியல் கிடைத்தாயிற்று. யாருக்கு முதலில் சொல்வது? இங்கேதான் கூத்து.

சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்கே முதல் உரிமை என்று அம்மா அடுக்களைக்குள் போகிறாள். "தம்பி, உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்..." அதே நேரம் அப்பா திண்ணையில் குரலைத் தாழ்த்தித் தன் அக்காவிடம், "யக்கா, உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்..." அந்தப் பக்கம் அத்தை, "அப்படியா! கேக்கவே குளுகுளுன்னு இருக்குடே" என்று பூரித்துப்போகிறாள். அன்று ராத்திரிக்குள் ஒன்பது பேர் 'முதல் ஆள்' ஆகிவிட்டார்கள்.

கடுதாசிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மூலையில் மஞ்சள் தடவிய கார்டு வந்தால், படிக்கும் முன்பே நல்ல சேதி என்று தெரியும். யாருக்காவது பிந்திப் போனால் பழியைத் தபால்காரர் தலையில் கட்டிவிடலாம். தந்தி வந்தால் மட்டும் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு ஓய்ந்தது. இப்போது போனில் நேரம் நிமிஷ சுத்தமாகப் பதிவாகிறது. சித்தப்பாவுக்கு 8.10, பெரியப்பாவுக்கு 8.40 என்றால் அந்த அரை மணிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்!

ஐயோ, பெண்ணின் தம்பிக்காரனைப் பாருங்கள்! அக்கா படத்தோடு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். அம்மா போட்ட சத்தத்தில் இரண்டே நிமிஷத்தில் அழித்தான். அதற்குள் பதினொரு பேர் பார்த்தாயிற்று. அதில் ஒருவர் பெரியப்பா.

அடுத்த காட்சி அச்சகம். மேஜைமேல் சிவகாசிக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளின் ஆல்பம், செங்கல் கனத்தில். 1922-ல் சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே, அச்சுத்தொழிலும் சிவகாசியில் வேர்பிடித்தது. இன்று நம் கையில் மினுமினுக்கும் பிள்ளையார் அட்டைக்குப் பூர்வீகம் அந்தத் தீப்பெட்டிதான்!

அட்டையை ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டார்கள். புரூஃப் பார்க்கத்தான் மூன்று நாள். காலமான தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' இருக்கிறதா? மாமன்மார் பெயர் வயதுப்படி இறங்குகிறதா? சித்தப்பா மருமகனின் எம்.பி.ஏ. எங்கே போயிற்று? அடியில் வரவேற்கும் வாண்டுகள் வரிசையில், போன மாதம் பிறந்து இன்னும் பெயர் வைக்காத பிள்ளைக்கு என்ன போடுவது? அச்சகக்காரர் அசரவில்லை. "'குட்டிப்பாப்பா'ன்னு போட்டுருவோம் சார். வழக்கமாப் போடுறதுதான்."

கட்டு வந்து இறங்கியதும் கூடத்தில் பாய் விரிகிறது. கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். நான்கு மூலைக்கும் விரல் நுனியால் ஒரு தீற்றல். கொஞ்சம் கூடினால் எழுத்தில் ஊறிவிடும். முதல் பத்திரிகை குலதெய்வமான சாஸ்தாவுக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, தம்பதியாக நேரில் போய். தூரத்துச் சொந்தத்துக்குத் தபால். வெளிநாட்டுக்கு மட்டும் பி.டி.எஃப்.; பாவம், அதில் மஞ்சள் தடவ முடியாது.

மஞ்சள் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஆச்சி. அறுபது பத்திரிகை முடித்துவிட்டு மெல்ல ஆரம்பிக்கிறாள். "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. வீட்டுக்குள்ள இருக்கேன், என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே."

கூடம் கப்சிப். எல்லாரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்! கல்யாணப் பெண் பாய்ந்து போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில், "ஆச்சி, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்" என்கிறாள்.

ஆச்சி மஞ்சள் விரலால் அவள் கன்னத்தில் ஒரு தீற்றல் வைத்தாள்.

"போட்டி இவளே! மாப்பிள்ளை வீட்டுல சரி சொல்லுததுக்கு ஒரு வாரம் முந்தியே உன் அத்தை எனக்குச் சொல்லிட்டா. அவுக ஜாதகம் பாத்தது அவ தெருச் சோசியர்கிட்டதாம்லா!"